அறியாமை எப்போது குற்றமாகிறது?

எங்கள் பங்கைச் சேர்ந்த இளம் மருத்துவர் ஒருவர் அண்மையில் என்னைக் காண வந்தார். பச்சிளங்குழந்தை மருத்துவத்தில் சிறப்புப் பட்டம் பெற்று இரண்டு ஆண்டுகளே ஆகின்றன. “ஃபாதர், இரவுப் பணி முடிந்து வீடு திரும்பினால் புத்தகத்தைத் திறக்கவும் தெம்பில்லை. எனக்குத் தெரியாமற்போன ஒன்றால் ஒரு குழந்தைக்குத் தீங்கு நேர்ந்தால் அது என் பாவமா?” என்று கேட்டார்.

உடனே விடை சொல்லிவிடக்கூடிய கேள்வி அன்று அது. ஆயினும் அவருடைய துறையின் வரலாறே நமக்கு ஒளி தருகிறது.

1940-களில் மேலை நாடுகளில் குறைமாதக் குழந்தைகளைக் காப்பாற்ற இன்குபேட்டர்களில் ஆக்சிஜனைத் தாராளமாகச் செலுத்தினர். நோக்கம் அன்பே, விளைவோ இருள். ஏறத்தாழ 10,000 குழந்தைகள் பார்வையிழந்தனர். மிகுதியான ஆக்சிஜனே காரணமாகலாம் என்று 1951-இல் மெல்போர்ன் நகர மருத்துவர் கேட் கேம்பெல் அம்மையார் சுட்டிக்காட்டினார். 1953-54-இல் அமெரிக்காவில் நடந்த ஆய்வு அதனை உறுதி செய்தது. பின்னர் ஆக்சிஜனை அளவுக்கு மீறிக் குறைத்தபோது வேறு குழந்தைகள் மடிந்தன. அளந்து கொடுக்கும் நிதானத்தை மருத்துவ உலகம் மெல்லத்தான் கற்றது.

வெல்ல முடியாத அறியாமை, வெல்லக்கூடிய அறியாமை என இருவகை உண்டு என்கிறது அறநெறி இறையியல். 1945-இல் அளவின்றி ஆக்சிஜன் கொடுத்தவர் முதல் வகையினர். 1960-இலும் அவ்வாறே செய்தவர் இரண்டாம் வகையினர். செயல் ஒன்றே, ஆனால் மனச்சான்றின் முன் இருவரும் ஒருவரல்லர். அறியாமையால் தவறும் மனச்சான்று தன் மாண்பை இழப்பதில்லை, ஆனால் உண்மையைத் தேட அக்கறையற்றவருக்கு இது பொருந்தாது என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் கற்பித்தது.

இது பழங்கதையும் அன்று. 1,500 கிராமும் அதற்குக் குறைவும் எடையுள்ள குழந்தைகளுக்கும், 30 வாரங்களுக்குள் பிறந்தவர்களுக்கும் விழித்திரைப் பரிசோதனை தேவை என்பது அமெரிக்க வழிகாட்டுதல். நம் நாட்டில் அதைவிட எடை மிகுந்த குழந்தைகளும் பாதிக்கப்படுவதால், 2,000 கிராமுக்கு உட்பட்டவர்களையும் 34 வாரங்களுக்கு முன் பிறந்தவர்களையும் 30 நாள்களுக்குள் பரிசோதிக்கச் சொல்கிறது இந்திய வழிகாட்டுதல். அயல்நாட்டு நூலோடு நின்றுவிட்ட மருத்துவரின் கண்ணுக்கு 1,800 கிராம் எடையுள்ள நம்மூர்க் குழந்தை தப்பிவிடலாம். உரிய காலத்தில் லேசர் சிகிச்சை காத்திருக்கக்கூடிய பார்வை அதனால் பறிபோகலாம்.

மருத்துவர் ஐந்தாண்டுகளில் 30 மணி நேரமாவது தொடர்கல்வி பெறவேண்டும் என்கிறது 2002-ஆம் ஆண்டின் இந்திய மருத்துவ நடத்தை விதி. ஆண்டுக்கு ஆறு மணி நேரம்! சட்டம் அத்துடன் நிறைவடையலாம், மனச்சான்று நிறைவடையாது.

ஆனால் பழி முழுவதையும் இளையவர் தலையில் சுமத்துவது நீதியா? அடுத்தடுத்து இரவுப் பணி தந்து, படிக்க ஒரு மணி நேரமும் ஒதுக்காத நிர்வாகத்திற்கு இதில் பங்கில்லையா? “இதுகூடத் தெரியாதா?” என்று இளையவரின் வாயை அடைக்கும் மூத்தவருக்கு? தயங்காமல் மருந்தெழுதுபவரே கெட்டிக்காரர் என நம்பும் நமக்கு?

அவரிடம் நான் சொன்னது இதுதான்: “தெரியாதிருப்பது பாவமன்று, தெரியாது என்று உணர்ந்தபின்னும், முடிந்திருந்தும் கேளாதிருப்பதே பாவம். வாரத்தில் ஒரு மணி நேரத்தையாவது படிப்புக்கென்று கேட்டுப் பெறுங்கள். அது சலுகையன்று, உங்கள் கையில் கிடத்தப்படும் குழந்தையின் உரிமை.”

உங்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் மருத்துவர் என்றாவது, “எனக்கு உறுதியாகத் தெரியவில்லை, கேட்டுச் சொல்கிறேன்” என்றால் அவரை விட்டு ஓடிவிடாதீர்கள். நன்றி சொல்லுங்கள்.