உள்ளத்தில் எழுதி வைத்த சட்டம்

 

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனித்தனியே அரசியல் சட்டம் உண்டு. அவற்றுள் அலபாமா என்னும் தென் மாநிலம், 1901-ஆம் ஆண்டு வகுத்த தன் அரசியல் சட்டத்தில் 102-ஆவது பிரிவாக ஒரு விதியைப் பொறித்து வைத்தது. வெள்ளையருக்கும், கறுப்பருக்கோ கறுப்பரின் வழி வந்தவருக்கோ இடையே நடக்கும் திருமணத்தை அனுமதிக்கும் எந்தச் சட்டத்தையும் சட்டமன்றம் ஒருபோதும் இயற்றக்கூடாது என்பதே அதன் சாரம்.

இத்தகைய சட்டங்கள் செல்லா என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1967-இல் தீர்ப்பளித்துவிட்டது. ஆயினும் எழுத்து மட்டும் ஏட்டில் கிடந்தது. மக்களின் வாக்கின்றி மாநில அரசியல் சட்டத்தைத் திருத்த முடியாதாகையால், 2000-ஆம் ஆண்டு நவம்பரில், அதை நீக்கலாமா, கூடாதா என்று அலபாமா மக்களிடமே கேட்டார்கள். நீக்கலாம் என்றவர்கள் நூற்றுக்கு ஏறத்தாழ 60 பேர். கூடாது என்றவர்கள் ஏறத்தாழ 40 பேர். எண்ணிக்கையில் ஐந்து லட்சத்துக்கும் மேல்! இதே போன்ற விதியை 1998-இல் நீக்கிய தென் கரோலினா மாநிலத்திலும் நூற்றுக்கு 38 பேர் அளவில் எதிர்த்தே வாக்களித்தார்கள்.

சற்றே சிந்தியுங்கள். அது 33 ஆண்டுகளுக்கு முன்பே செத்துப்போன விதி. இருந்தாலும் அதனால் ஒரு நிக்காஹையும் தடுக்க முடியாது. நீக்கினாலும் எவர் வீட்டுக்கும் நட்டம் வராது. அப்படியிருந்தும் அது ஏட்டில் இருக்கட்டும் என்று இத்தனை பேர் ஏன் விரும்பினார்கள்? ஏட்டிலிருந்த சட்டத்தை நீதிமன்றம் செல்லாததாக்கிற்று. உள்ளத்திலிருந்த சட்டத்தை எந்த நீதிமன்றம் செல்லாததாக்கும்?

அந்த 1967-ஆம் ஆண்டுத் தீர்ப்பு எவ்வாறு பிறந்தது என்பதையும் நாம் அறிய வேண்டும். வர்ஜீனியா மாநிலத்தைச் சேர்ந்த ரிச்சர்ட் லவிங் என்ற வெள்ளைக் கொத்தனாரும், கறுப்பின வழியும் அமெரிக்கப் பழங்குடி வழியும் கலந்த மில்ட்ரெட் என்ற பெண்ணும் 1958 ஜூன் மாதம் வாஷிங்டன் நகரம் சென்று மணமுடித்தார்கள். ஊர் திரும்பிய சில வாரங்களில், நள்ளிரவில் காவல் அதிகாரிகள் அவர்களது படுக்கையறைக்குள் புகுந்தார்கள். மில்ட்ரெட் சுவரில் மாட்டியிருந்த திருமணச் சான்றிதழைக் காட்டினார். அது இங்கே செல்லாது என்றார்கள். கணவன் மனைவியாய் வாழ்ந்த குற்றத்துக்கு ஓராண்டுச் சிறை! 25 ஆண்டுகள் மாநிலத்தை விட்டு விலகியிருந்தால் சிறை இல்லை என்று நிபந்தனை!

வழக்கு நடந்தது. 1965-இல் அவ்வூர் நீதிபதி லியோன் பசீல் தம் தீர்ப்பை நியாயப்படுத்த யாருடைய பெயரை எடுத்தார் தெரியுமா? இறைவனுடைய பெயரை! இறைவன் மனித இனங்களைப் பல நிறங்களில் படைத்து வெவ்வேறு கண்டங்களில் வைத்தான். ஆகவே அவை கலப்பதை அவன் விரும்பவில்லை என்று எழுதினார்.

அல்லாஹுத் தஆலாவோ தன் திருமறையில் என்ன கூறுகிறான்? மனிதர்களை ஓர் ஆண், ஒரு பெண்ணிலிருந்தே படைத்ததாகவும், ஒருவரையொருவர் அறிந்துகொள்வதற்கே கிளைகளாகவும் கோத்திரங்களாகவும் ஆக்கியதாகவும், தன்னிடத்தில் மிகக் கண்ணியமானவர் மிகுந்த இறையச்சம் உடையவரே என்றும் அல்ஹுஜுராத் அத்தியாயத்தில் அறிவிக்கிறான். நம் மொழிகளும் நிறங்களும் வேறுபட்டிருப்பது தன் அத்தாட்சிகளில் ஒன்று என்று அர்ரூம் அத்தியாயத்தில் கூறுகிறான். அறிந்துகொள்வதற்காக அவன் தந்த வேறுபாட்டை, அகற்றிவைப்பதற்கு என்று அந்த நீதிபதி வாசித்தார். அல்லாஹ்வின் அத்தாட்சியைச் சுவராக்கிக் கொண்டார்!

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் காட்டிய வழி எது? குறைஷிக் குலத்துப் பெண்மணி ஃபாத்திமா பின்த் கைஸ் (ரலி) அவர்களை மணக்க, தலாக்கின் இத்தாவுக்குப் பின், குறைஷியர் இருவர் பெண் கேட்டிருந்தார்கள். நாயகமோ உஸாமா பின் ஸைத் (ரலி) அவர்களை மணந்துகொள்ளுமாறு யோசனை கூறினார்கள். உஸாமாவின் தந்தை அடிமைத்தளையிலிருந்து விடுதலை பெற்றவர். தாயார் அபிசீனியப் பெண்மணி. ஃபாத்திமா (ரலி) முதலில் விரும்பவில்லை. பெருமானார் மீண்டும் கூறவே, சம்மதித்தார்கள். அந்தத் திருமணத்தில் அல்லாஹ் நன்மையை வைத்தான். மற்றவர்கள் பார்த்து ஏங்கும்படி வாழ்ந்தேன் என்று அவர்களே பின்னாளில் சொன்னார்கள்.

“குஃபு, அதாவது பொருத்தம், பார்க்க வேண்டும் என்று இமாம்கள் கூறியிருக்கிறார்களே!” என்று சிலர் கேட்கக்கூடும். உண்மைதான். ஆனால் அது பெண்ணுக்கும் அவளுடைய வலீக்கும் பாதுகாப்பாக அளிக்கப்பட்ட உரிமை. அவர்கள் மனமொப்பி விட்டுக்கொடுத்தால் நிக்காஹ் தடையின்றி நிறைவேறும். பெண்ணைக் காக்கத் தந்த கேடயத்தை, பிறரை இழிவுபடுத்தும் வாளாக்க யார் அனுமதி தந்தது?

இனி நம் வீட்டுக் கதவைத் திறந்து பார்ப்போம். அலபாமாவின் 102-ஆவது பிரிவு நம்மிடம் எந்த ஏட்டிலும் இல்லை. ஆனால் பெண் பார்த்துத் திரும்பிய உம்மா, “எல்லாம் சரி, நிறம்தான் மட்டு” என்கிறாரே, அது எந்தச் சட்டத்தின் எத்தனையாவது பிரிவு? நேற்று இஸ்லாத்தைத் தழுவிய சகோதரரைப் பள்ளிவாசலில் கட்டித் தழுவுகிறோம். தொழுகையில் தோளோடு தோள் சேர்ந்து நிற்கிறோம். அவர் தம் மகனுக்கு நம் மகளைக் கேட்டால் மட்டும், “முன்பு என்ன ஆட்கள்?” என்று விசாரிக்கிறோமே! ஸஃப்பில் இல்லாத இடைவெளி வாசற்படியில் எப்படி வந்தது? அவருடைய ஷஹாதத்தைப் பள்ளிவாசல் ஏற்றது. நம் வீடு “இங்கே செல்லாது” என்கிறதா?

மார்க்கமும் நற்குணமும் திருப்தியளிக்கும் ஒருவர் பெண் கேட்டு வந்தால் மணமுடித்துக் கொடுங்கள். இல்லையேல் பூமியில் குழப்பம் உண்டாகும் என்று நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்திருக்கிறார்கள். அந்தக் குழப்பம் வெளியிலிருந்து வருவதன்று. நிறத்துக்காகத் திருப்பியனுப்பப்பட்ட குமரின் கண்ணீரிலும், “இவர்கள் என்னைச் சகோதரன் என்றது வெறும் வாய்வார்த்தைதானா?” என்று குமுறும் புது முஸ்லிமின் நெஞ்சிலும் அது பிறக்கிறது.

ஆகவே, அன்பர்களே! அடுத்த முறை ஒரு சம்பந்தம் நம் வீட்டுக்கு வரும்போது, முதல் கேள்வியாகத் தொழுகையையும் குணத்தையும் கேட்போம். பிள்ளையின் சம்மதத்தைக் கேட்போம். மறுப்பதாயின் அல்லாஹ்விடம் சொல்லக்கூடிய காரணத்துக்காக மட்டுமே மறுப்போம். அலபாமா மக்கள் ஒரு வாக்குச் சீட்டால் அழித்ததை, நாம் ஒரு “சரி” என்ற சொல்லால் அழிக்கலாம்.

வல்ல நாயன் நம் உள்ளங்களில் நாமே எழுதிவைத்த அநியாயச் சட்டங்களை அழித்து, தன் திருமறையின் சட்டத்தை அங்கே பதித்தருள்வானாக! நம் மக்களின் இல்லறங்களில் பரக்கத் செய்வானாக! ஆமீன்.