மாறாதிருக்கட்டும் என்னும் அன்பு

நாம் நேசிக்கும் ஓர் இடம் மாறும்போது நம் உள்ளம் நோகிறது. பிறந்த ஊரின் குளம் தூர்ந்து வீட்டுமனைகளாகிறது. படித்த பள்ளியின் ஓட்டுக்கூரை போய்த் தளம் வருகிறது. முழந்தாளிட்டுச் செபித்த சிற்றாலயம் இடிக்கப்பட்டுப் பேராலயம் எழுகிறது. 'அப்படியே இருந்திருக்கலாகாதா?' என்று நாம் ஏங்குகிறோம். இந்த ஏக்கத்தில் குற்றமொன்றுமில்லை. ஆனால் அது ஒரு படி மேலே சென்று, 'இதை மாற்ற எவருக்கும் உரிமையில்லை' என்று சொல்லத் தொடங்குகையில் ஓர் அறக்கேள்வி பிறக்கிறது. ஒன்றை நேசிக்கிறோம் என்பதனாலேயே அதனை மாறாமல் நிறுத்தி வைக்கும் உரிமை நமக்கு வந்துவிடுகிறதா?

இக்கேள்வியை ஆராய, இவ்விதழின் பக்கங்களுக்குச் சற்றே அயலான ஒரு பொருளை எடுத்துக்கொள்வோம். கேளிக்கைப் பூங்காக்களே அப்பொருள். விளையாட்டாய்த் தோன்றும் காரியங்களில்தான் பல வேளைகளில் மனித உள்ளம் தன்னை ஒளிக்காமல் காட்டுகிறது.

சின்ன காஞ்சிபுரத்துத் தெருக்களிலிருந்து கோடை விடுமுறையில் புறப்படும் சுற்றுலாப் பேருந்துகள் பெரும்பாலும் எங்கே சென்றன என்பதை வாசகர்கள் அறிவார்கள். 1995-இல் தாம்பரம் அருகே 'கிஷ்கிந்தா' திறக்கப்பட்டது. 1984-இல் இந்தியாவின் முதல் முப்பரிமாணத் திரைப்படத்தைத் தயாரித்த நவோதயா அப்பச்சன் அதனை உருவாக்கினார். கிழக்குக் கடற்கரைச் சாலையில் அமைந்த வி.ஜி.பி. தங்கக் கடற்கரை அதற்கும் முந்தியது. புளிச்சோற்றுப் பொட்டலமும் மாற்றுத் துணியுமாய்ச் சென்ற அன்றைய பிள்ளைகள், இன்று தம் பிள்ளைகளை அழைத்துச் செல்லும் வயதை அடைந்துவிட்டனர். அவர்களிடையே பேச்சு எழும்போது கருத்து இரண்டாகப் பிரிகிறது. 'பழையவற்றை அப்படியே விட்டிருக்க வேண்டும். என் பிள்ளை நான் கண்டதைக் காண வேண்டாமா?' என்பர் சிலர். 'துருப்பிடித்ததை வைத்துக்கொண்டு என் செய்வது? புதியன வந்தால்தானே இன்றைய பிள்ளைகள் மகிழ்வர்?' என்பர் வேறு சிலர்.

இந்த வழக்கு கடல் கடந்த நாடுகளில் இன்னும் சூடாக நடக்கிறது. 1955 ஜூலை 17 அன்று அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், அனகைம் நகரில் டிஸ்னிலாந்து திறக்கப்பட்டது. உலகில் கற்பனை எஞ்சியிருக்கும் வரை அப்பூங்கா முற்றுப்பெறாது என்பதே அதனை நிறுவிய வால்ட் டிஸ்னியின் எண்ணம். 1966 டிசம்பரில் அவர் இறந்தார். ஒவ்வொரு சவாரியின் வரலாற்றையும் மனப்பாடமாய் அறிந்த அன்பர் கூட்டம் ஒன்று அப்பூங்காவிற்கு உண்டு. அவர்களுள் ஒரு சாரார், 'நிறுவியவர் கைபட்டதைத் தொடாதீர்' என்கின்றனர். மறு சாரார், 'மாற்றிக்கொண்டே இருப்பதுதான் நிறுவியவரின் விருப்பம்' என்கின்றனர். இரு தரப்பும் ஒரே மனிதரின் பெயரைச் சொல்லியே வாதிடுகின்றன. மறைந்தவரின் பெயரால் வழக்காடுவது திருச்சபையில் வாழும் நமக்கும் புதிதன்று.

பழமையைக் காக்க விரும்புவோரின் வாதத்தை நாம் எளிதாகத் தள்ளிவிடலாகாது. ஒருவர் தம் பத்து வயதில் தந்தையின் மடியிலமர்ந்து சென்ற சவாரி அவருக்கு வெறும் இயந்திரமன்று. தந்தை மறைந்த பின்னும் அந்த இருக்கை அங்கே இருக்கிறது. அதில் தம் பிள்ளையை அமர்த்தும்போது மூன்று தலைமுறைகள் ஒரே இடத்தில் கூடுகின்றன. இதை வருமானக் கணக்கில் எழுத இயலாது. எழுத இயலாத காரணத்தாலேயே, கணக்குப் பார்ப்போர் இதனை மறந்துவிடுகின்றனர். அப்போது மறவாதிருக்கும் அன்பர்கள் குரல் எழுப்புவது நல்ல தொண்டே. நியூயார்க் நகரின் கோனித் தீவில் 1927-இல் கட்டப்பட்ட 'சைக்ளோன்' என்னும் மரத்தாலான ரோலர் கோஸ்டர், 1970-களில் இடிபடவிருந்தது. அருகிலிருந்த மீன் காட்சியகத்தை விரிவுபடுத்த அந்த இடம் வேண்டியிருந்தது. அன்பர்கள் போராடினர், அது தப்பியது. 1988-இல் நகரின் பாதுகாக்கப்பட்ட சின்னங்களுள் ஒன்றாயிற்று.

ஆயினும் இங்கே ஒன்றை நாம் கவனிக்க வேண்டும். மரம் மழையிலும் உப்புக்காற்றிலும் உளுத்துப்போகும். பலகைகளும் ஆணிகளும் தண்டவாளமும் அவ்வப்போது மாற்றப்பட்டு வருவதால்தான் அந்தக் கோஸ்டர் நிலைத்து நிற்கிறது. மாற்றமே கூடாதென்று பலகைகளை அப்படியே விட்டிருந்தால், காக்க நினைத்தவர்களே அதனை அழித்திருப்பர். ஆகவே, 'மாறலாமா, கூடாதா?' என்று கேட்பது போதாது. எது மாறலாம், எது மாறக்கூடாது, யாருக்காக என்று கேட்க வேண்டியிருக்கிறது.

டிஸ்னி பூங்காக்களில் அண்மையில் எழுந்த இரு வழக்குகள் இதைத் தெளிவாக்கும். 1967-இல் தொடங்கிய கடற்கொள்ளையர் சவாரியில், கயிற்றால் பிணைக்கப்பட்ட பெண்களை மணப்பெண்களாய் ஏலம் விடும் காட்சி ஒன்று வேடிக்கையாகக் காட்டப்பட்டது. 2018-இல் அது மாற்றப்பட்டது. 1989-இல் திறக்கப்பட்ட 'ஸ்பிளாஷ் மவுண்டன்' என்னும் நீர்ச்சவாரி, 1946-ஆம் ஆண்டுத் திரைப்படம் ஒன்றைத் தழுவியது. தென்மாநிலத் தோட்டங்களில் கறுப்பின மக்கள் வாழ்ந்த துன்ப வாழ்வை அப்படம் இனிமையாய்ப் பூசிக் காட்டியது என்பது நெடுநாளைய குற்றச்சாட்டு. மாற்றப்போவதாக 2020-இல் அறிவித்தனர், 2023-இல் மூடினர், 2024-இல் கறுப்பின இளவரசி ஒருத்தியின் கதையாகத் திறந்தனர். இரு மாற்றங்களையும் அன்பர்கள் பலர் எதிர்த்தனர். 'எங்கள் குழந்தைப் பருவத்தைப் பறிக்காதீர்' என்பதே அவர்தம் முறையீடு.

அவர்களுடைய குழந்தைப் பருவம் கள்ளமற்றது என்பதில் ஐயமில்லை. ஏலம் விடும் காட்சியைக் கண்டு சிரித்த குழந்தை பெண்களை வெறுத்துச் சிரிக்கவில்லை. ஆனால் அதே படகில் மற்றொரு குழந்தையும் அமர்ந்திருந்தது. தன் பாட்டியின் பாட்டி உண்மையாகவே ஏலத்தில் விற்கப்பட்ட குடும்பத்தின் குழந்தை அது. நம் இனிய நினைவு, பிறர் ஒருவரின் காயத்தின் மேல் கட்டப்பட்டிருந்தால், நம் நினைவு பொய்யாகிவிடாது; ஆனால் அந்தக் காயம் தொடரவேண்டும் என்று கேட்கும் உரிமையை அது நமக்குத் தராது.

இங்கேதான் நம் கேள்வியின் உயிர்நாடி இருக்கிறது: மாறாமைக்கு விலை கொடுப்பவர் யார்? வி.ஜி.பி. பூங்காவிற்குச் சென்ற எவரும் அங்கே நின்ற சிலை மனிதரை மறந்திருக்கமாட்டார். காவலர் உடையில், இமையும் அசையாமல், மணிக்கணக்கில் அவர் நிற்பார். பிள்ளைகள் முகத்தைக் கோணிக் காட்டுவர். பெரியோர் நகைச்சுவை சொல்வர். அவரைச் சிரிக்க வைப்போருக்குப் பரிசு உண்டு என்பர். அவர் சிரிக்கமாட்டார். பல ஆண்டுகள் கழித்துச் சென்றோரும், 'இன்னும் அப்படியே நிற்கிறாரே!' என்று மகிழ்ந்தனர். அந்த மகிழ்ச்சியின் அடியில் ஒரு மனிதரின் கால் வலி இருந்தது. நமக்குப் பிடித்தது அசையாமல் நிற்கவேண்டுமாயின், அதை நிறுத்திப் பிடித்திருக்க ஒருவர் தேவைப்படுகிறார். அவருடைய கால்களைப் பற்றி நாம் எண்ணிப் பார்க்கிறோமா?

புதுமைக்கும் இவ்வாறே விலையுண்டு. 2016 மே மாதத்தில் கிஷ்கிந்தாவில் புதிய சவாரி ஒன்றைச் சோதித்துப் பார்க்கையில் நேர்ந்த விபத்தில் ஊழியர் ஒருவர் உயிரிழந்தார். வேறு பலர் காயமுற்றனர். பழையது வேண்டும் என்போரும் புதியது வேண்டும் என்போரும் தத்தம் மகிழ்ச்சியை மட்டுமே பேசிக்கொண்டிருக்கையில், இரண்டிற்கும் உடலால் விலை கொடுக்கும் தொழிலாளி அவ்வழக்கில் ஒரு தரப்பாகக்கூட எண்ணப்படுவதில்லை.

பூங்காவை விட்டு நம் தெருவுக்கு வருவோம். இதே வழக்கு சின்ன காஞ்சிபுரத்தின் தறிகளிலும் நடக்கிறது. காஞ்சிப் பட்டின் பெருமைகளுள் ஒன்று கோர்வை. சேலையின் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டையும் இழைக்கு இழை கோத்து, ஒன்றாகவே நெய்வது. உடலுக்கு ஒரு நாடா, இரு கரைகளுக்கு இரண்டு நாடாக்கள் என மூன்று நாடாக்கள் ஓடவேண்டும். நெசவாளர் ஒருவரால் மட்டும் இது ஆகாது. அருகில் ஒரு துணையாள் வேண்டும். 2005-இல் காஞ்சிப் பட்டிற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. இன்றோ கோர்வை அருகி வருகிறது. 'ஐயோ, அந்தக் காலத்துச் சேலை இனி வருமா?' என்று பட்டை அறிந்தோர் வருந்துகின்றனர். அவ்வருத்தம் நியாயமானது.

ஆனால் அந்தக் காலத்தில் துணையாளாய் அமர்ந்திருந்தது யார்? பல வீடுகளில் அது ஒரு சிறுவன் அல்லது சிறுமி. பெற்றோர் வாங்கிய முன்பணத்திற்கு ஈடாகப் பிள்ளைகள் தறியோடு கட்டுண்டிருந்த நிலை 1990-களில் வெளிச்சத்திற்கு வந்தது. அரசும் தொண்டு நிறுவனங்களும் எடுத்த முயற்சிகளால் அவர்களுள் மிகப் பலர் பள்ளிக்குச் சென்றனர். துணையாள் கிடைப்பது அரிதாயிற்று. ஒருவரே நெய்யக்கூடிய சேலைகள் பெருகின. கோர்வை குறைந்ததற்குக் கூலிக் குறைவும் விசைத்தறிப் போட்டியும் காரணங்களே. எனினும், ஒரு பிள்ளை தறியிலிருந்து எழுந்து பள்ளிக்குப் போனதும் ஒரு காரணம் என்றால், அந்த இழப்பைக் குறித்து நாம் அழலாமா? அழகு குறைந்ததற்காக வருந்தலாம். பிள்ளை எழுந்து போனதற்காக வருந்த நமக்கு உரிமையில்லை. கோர்வை வாழவேண்டும் என்று உண்மையாகவே விரும்புவோர், துணையாளாக அமரும் ஒரு பெரியவர்க்கு உரிய கூலியைச் சேலையின் விலையில் மனமுவந்து தரவேண்டும். அதைத் தர மறுத்துவிட்டுப் பழமையைப் புகழ்வது, பிறர் காலில் நாம் நிற்பதாகும்.

இறைமக்களாகிய நமக்கு இப்போராட்டம் பழகியதுதான். 1963 டிசம்பர் 4 அன்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் திருவழிபாடு பற்றிய கொள்கைத் திரட்டை வெளியிட்டது. அதன் பயனாய் இலத்தீன் ஒலித்த பீடத்தில் தமிழ் ஒலித்தது. பொருள் விளங்காவிடினும் அந்த இலத்தீன் பாடல்களில் விண்ணகத்தைக் கேட்ட முதியோர் மனம் நொந்தனர். முதன்முறையாகத் தம் தாய்மொழியில் ஆண்டவரோடு பேசிய எளியோர் மகிழ்ந்தனர். இரண்டும் உண்மையான பக்தியே. எஸ்ரா நூலில் இதைப் போன்றதொரு காட்சி உண்டு. நாடுகடத்தப்பட்ட வாழ்விலிருந்து திரும்பிய மக்கள், எருசலேமில் ஆலயத்திற்கு மீண்டும் அடித்தளமிடுகின்றனர். முதல் ஆலயத்தைக் கண்டிருந்த முதியோர் உரக்க அழுகின்றனர். மற்றவர்கள் மகிழ்ந்து ஆர்ப்பரிக்கின்றனர். அழுகுரல் எது, ஆர்ப்பரிப்பு எது எனப் பிரித்தறிய இயலவில்லை. இறைவாக்கு இரு சாராரில் எவரையும் கண்டிக்கவில்லை என்பதை நோக்குங்கள். முதியோரின் கண்ணீருக்கு அங்கே இடமிருந்தது. ஆனால் அக்கண்ணீருக்காகக் கட்டட வேலை நிறுத்தப்படவில்லை.

மாற்றத்திற்கு அளவுகோல் யாது? ஐந்தாம் நூற்றாண்டில் வாழ்ந்த லேரின்ஸ் தீவுத் துறவி புனித வின்சென்ட், விசுவாசத்தின் வளர்ச்சியை உடலின் வளர்ச்சிக்கு ஒப்பிட்டார். குழந்தை முதியவராகும்போது தோற்றம் மாறுகிறது. ஆனால் ஆள் மாறுவதில்லை. உறுப்புகள் வளர்கின்றன, வேறோர் உயிராய்த் திரிவதில்லை. இவ்வொப்புமையைப் பிற காரியங்களுக்கும் நாம் பொருத்திப் பார்க்கலாம். பிள்ளையும் பெற்றோரும் சேர்ந்து வியந்து மகிழ்வதற்கென எழுந்த பூங்கா, சவாரிகளை மாற்றினாலும் அதே பூங்காதான். நுழைவுக் கட்டணம் ஏழைக் குடும்பத்திற்கு எட்டாதவாறு உயர்ந்துவிட்டால், ஒரு பலகையும் மாறாதபோதும் அது வேறாகிவிட்டது. நெசவாளரின் கையையும் மதிப்பையும் காட்டுவதற்கென எழுந்த பட்டு, வடிவம் மாறினாலும் காஞ்சிப் பட்டே. நெய்தவர் பசியோடிருக்கையில், பழைய வடிவம் எவ்வளவு தூயதாயினும் அதன் பெருமை வெறும் விளம்பரமே.

அன்பு உரிமை தருமா என்ற கேள்விக்கு நம் விடை இது. அன்பு முதலில் கடமையைத் தருகிறது. அக்கடமையில் தோள்கொடுத்தவருக்கே பேசும் உரிமை பின்னர் வருகிறது. நாம் நேசிக்கும் ஒன்றைப் பற்றி வழக்கு எழும்போதெல்லாம் சிலவற்றைக் கேட்டுக்கொள்வோம்: இது இப்படியே நிற்க யார் சுமக்கிறார்? இது மாறினால் யார் இழக்கிறார்? அச்சுமையில் நம் பங்கு என்ன? நமக்குப் பின் வருவோர் கையில் நாம் எதைக் கொடுக்கப்போகிறோம்?

தாபோர் மலையில் பேதுரு கூடாரம் அமைத்து அங்கேயே தங்கிவிட விரும்பினார். அந்த விருப்பத்தை ஆண்டவர் கடிந்துகொள்ளவில்லை. ஆனால் மலையிலிருந்து அவரைக் கீழே அழைத்துச் சென்றார். அடிவாரத்தில் நோயுற்ற பிள்ளையோடு ஒரு தந்தை காத்திருந்தார். நாம் நேசித்த இடங்களிலும், நம் இனிய நினைவுகளுக்கு அப்பால், யாரேனும் ஒருவர் காத்திருக்கிறாரா என்று பார்ப்போம். வரும் கோடையில் பிள்ளைகளைச் சுற்றுலாவுக்கு அழைத்துச் செல்லும் பெற்றோரும் மறைக்கல்வி ஆசிரியர்களும், தங்கள் காலத்தில் அவ்விடம் எப்படி இருந்தது என்பதைச் சொல்லுங்கள். அதோடு, அங்கே வெயிலில் நின்று சவாரிகளை இயக்குவோருக்குப் பிள்ளைகள் நன்றி சொல்லவும் கற்றுக்கொடுங்கள்.