கருணையின் அண்டைப் பகை

2018-ஆம் ஆண்டு மே மாதத்தில், திருவண்ணாமலை மாவட்டத்துப் போளூர் வட்டாரத்திலே, குலதெய்வத்தை வழிபடும் பொருட்டு உறவினருடன் வந்திருந்த மூதாட்டி ஒருவர், வழியில் கண்ட குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்த காரணத்தால் பிள்ளை பிடிக்க வந்தவரென்று சந்தேகிக்கப்பட்டு, ஊராரால் அடித்துக் கொல்லப்பட்டார். அவ்வாண்டில் வாட்ஸ்அப் வழியே இந்தியாவின் பல பாகங்களில் அந்தப் பீதியை வளர்த்தவற்றுள் ஒன்று, மோட்டார் சைக்கிளில் வந்த இருவர் தெருவிலே நிற்கும் குழந்தையைத் தூக்கிச் செல்லும் காட்சி. உண்மையில் அது, பெற்றோரை எச்சரிப்பதற்காகக் கராச்சியில் எடுக்கப்பட்ட விழிப்புணர்வுப் படம். குழந்தையை அவர்கள் திருப்பிக் கொணர்ந்து விடும் இறுதிப் பகுதியை யாரோ வெட்டி எறிந்துவிட்டனர்.

பொய்யைப் படைத்தவனைக் கண்டிப்பது எளிது. என் மனத்தை வருத்துவது வேறு. அதனை நம்பிப் பரப்பியவர்கள் பெரும்பாலும் குரூரர்களல்லர். குழந்தைகளின்பால் கொண்ட வாஞ்சையாலேயே பரப்பினார்கள். அந்த வாஞ்சையைக் கருணை என்று சொல்லலாமா?

5-ஆம் நூற்றாண்டில் அநுராதபுரத்து மகாவிகாரையில் விசுத்திமார்க்கம் என்னும் பௌத்த நூலை இயற்றிய புத்தகோஷர், கருணைக்குத் தூரத்துப் பகை ஹிம்சை என்றும், அண்டைப் பகை இல்லறப் பற்றினின்று எழும் துக்கம் என்றும் பிரித்துரைத்தார். தூரத்துப் பகையை எவரும் அடையாளம் காண்பர். தன்னுடையதென்று கருதியதை எண்ணிக் கலங்கும் மனமோ கருணையைப் போலவே துடிக்கிறது, கருணையைப் போலவே கண்ணீர் விடுகிறது. எனினும் எதிரே நிற்கும் அந்நியரின் முகத்தைப் பார்க்க அதற்குக் கண்ணில்லை. பிரம்ம விகாரங்கள் எனப்படும் நான்கு உயர்ந்த மனநிலைகளுள் கருணையோடு, சார்பின்றி யாவரையும் நோக்கும் உபேட்சையையும் பௌத்தர்கள் சேர்த்து வைத்தது இதனாலேயே என்று நான் உறுதியாகக் கருதுகிறேன்.