ரிப்போர்ட் நார்மல்

சர்க்கரை எவ்வளவு, கொலஸ்ட்ரால் எவ்வளவு என்று நம்மவர்கள் கல்யாணப் பந்தியிலேயே பேசிக்கொள்வார்கள். ஆறு மாதமாக எதிலும் மனம் ஒட்டவில்லை என்று மட்டும் யாரும் வாய்திறப்பதில்லை. எண் உள்ள நோயைச் சொல்லக் கூச்சமில்லை. எண் இல்லாத நோயைச் சோம்பல் என்றோ திமிர் என்றோ சொல்லிவிடுகிறோம்.

இப்போது மனச்சோர்வுக்கும் எண்கள் வரத் தொடங்கியிருக்கின்றன. உடலில் அழற்சி ஏற்பட்டால் கல்லீரல் சி.ஆர்.பி. என்ற புரதத்தைக் கூடுதலாக உண்டாக்கும். 1930இல் நியூயார்க்கின் ராக்கஃபெல்லர் நிறுவனத்தில், நிமோனியா நோயாளிகளின் இரத்தத்தில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது அது. மனச்சோர்வு உள்ளவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு இது லிட்டருக்கு 3 மில்லிகிராமைத் தாண்டுகிறது. சராசரியாகப் பார்த்தால் அவர்களிடம் டிரைகிளிசரைடு கூடியும், நல்ல கொழுப்பான எச்.டி.எல். குறைந்தும் இருக்கின்றன. முன்பு ஹெபடைட்டிஸ் சி நோய்க்கு இன்டர்ஃபெரான் ஊசி போட்டபோது, அதுவரை நன்றாக இருந்த பலர் சில வாரங்களில் மனச்சோர்வுக்குள் விழுந்தார்கள். உடலின் தற்காப்பே மனதைச் சாய்த்துவிடும் என்பதற்கு அது வலுவான சான்று.

இதையெல்லாம் படித்தபோது முதலில் நிம்மதியாக இருந்தது. இனி யாரும் இதைப் பாசாங்கு என்று சொல்ல முடியாது. ஆனால் எண் உயராத மற்ற மூவர்?

என் அக்கா அந்த மூவரில் ஒருத்தி. படுக்கையை விட்டு எழவே முடியாமல் கிடந்த நாட்களில் எடுத்த இரத்தப் பரிசோதனையில் எல்லாம் சரியாக இருந்தது. "ரிப்போர்ட் நார்மல், உனக்கு ஒன்றுமில்லை" என்று வீட்டில் எல்லோரும் மகிழ்ந்தார்கள். "ஏதாவது இருந்திருக்கலாம்" என்றாள் அக்கா.

என் தொழிலில் இது பழகிய விஷயம். கண்காணிப்புத் திரையில் எல்லாமே பச்சையாக இருக்கும். வாடிக்கையாளரால் உள்ளே நுழைய முடியாது. அவர் பொய் சொல்கிறார் என்று நாங்கள் முடிவுகட்டுவதில்லை. எதை அளக்காமல் விட்டோம் என்று தேடுவோம்.

அந்த எண்ணுக்கும் வேலை உண்டு. 2013இல் வெளியான எமரி பல்கலைக்கழக ஆய்வொன்றில், அழற்சியை அடக்கும் இன்ஃப்ளிக்சிமாப் மருந்தை 60 பேரிடம் சோதித்தார்கள். மொத்தமாகப் பார்க்கையில் வெற்று மருந்தைவிட அதனால் பலனில்லை. சி.ஆர்.பி. உயர்ந்திருந்தவர்களுக்கு மட்டும் பலன் இருப்பதாகத் தெரிந்தது. ஆக, யாருக்கு எந்த மருந்து என்று தேர்ந்தெடுக்க அந்த எண் உதவக்கூடும். யாருடைய துயரம் உண்மையானது என்று தீர்ப்புச் சொல்ல அதனால் முடியாது. உடல் பருமனும் புகைப்பழக்கமும்கூட அதை உயர்த்தும்.

பின் ஏன் எண்ணையே கேட்கிறோம்? எண் வந்தால் மாத்திரை எழுதித் தருவார்கள். நம் பொறுப்பு அத்தோடு முடியும். வெறும் சொல்லை நம்பினால் பக்கத்தில் உட்கார வேண்டியிருக்கும், விடுப்பெடுக்க வேண்டியிருக்கும், பதில் வராத போனுக்கு மறுபடியும் அழைக்க வேண்டியிருக்கும். இவற்றுக்கு எந்தப் பரிசோதனை முடிவும் வந்துசேரக் காத்திருக்கத் தேவையில்லை.