தட்டைப் பார்க்காத கண்

டிஷ்வாஷருக்குத் தட்டு தெரியாது. அதற்குத் தெரிவதெல்லாம் தண்ணீர்தான். தொட்டியின் அடியில், வடிகட்டியை ஒட்டி, ஒரு சின்ன பிளாஸ்டிக் கவடு இருக்கிறது. அதன் ஒரு காலில் அகச்சிவப்பு ஒளி விடும் விளக்கு, எதிர்க்காலில் அந்த ஒளியை வாங்கும் கண். இரண்டுக்கும் நடுவில் தண்ணீர் ஓடுகிறது. தண்ணீர் கலங்கியிருந்தால் ஒளி குறைவாகப் போய்ச் சேரும். உடனே அதைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர் எடுக்கும். தெளிவாக இருந்தால் இருப்பதை வைத்தே மேற்கொண்டு கழுவும். ‘ஆட்டோ’ என்று எழுதிய பொத்தானுக்குப் பின்னால் இருக்கும் அறிவு ஏறக்குறைய இவ்வளவே.

இட்லி மாவு காய்ந்து ஒட்டிய கரண்டியிடம் இந்த அறிவு தோற்றுப்போகும். காய்ந்த மாவு சட்டென்று கரையாது, தண்ணீரும் கலங்காது. கரண்டி சுத்தம் என்று தீர்ப்பாகிவிடும். வழித்துச் சாப்பிட்ட சாம்பார் தட்டோ சீக்கிரமே வெளுத்துவிடும். ஆனால் பருப்பு கரைந்த நீரைப் பார்த்துப் பயந்து அது இன்னொரு முறை அலசும். நாம் பார்க்கும் அழுக்கு வேறு, அது பார்க்கும் அழுக்கு வேறு.

*

எங்கள் வீட்டு டிஷ்வாஷரில் பிழைக்குறி வந்த இரவில் என்னைத் தொந்தரவு செய்தது திரையில் வந்த எழுத்தோ எண்ணோ அல்ல, சத்தம். வெளியேற்றும் பம்ப் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. கதவைத் திறந்தால் தொட்டியில் சொட்டுத் தண்ணீர் இல்லை. பொத்தானை அணைத்தாலும் ஓடியது. சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கிய பிறகுதான் அடங்கியது.

கம்பெனிக்குப் போன் செய்தால் பதில் தயாராக இருந்தது: “சென்சார் போயிருக்கும். இல்லேன்னா போர்டு.” இயந்திரத்தைப் பார்க்காமலே சொன்ன பதில். எந்த வீட்டிலிருந்து எவர் கூப்பிட்டாலும் இதையே சொல்லியிருப்பார்கள் என்று தோன்றியது.

*

நமக்குத் தெரியும் தொட்டிக்குக் கீழே இன்னொரு தட்டு இருக்கிறது. மோட்டாரும் குழாய்களும் உட்கார்ந்திருக்கும் அடித்தட்டு. அது எப்போதும் காய்ந்தே இருக்க வேண்டும். எங்காவது கசிந்தால் தண்ணீர் வீட்டுக்குள் ஓடாமல் அங்கே தேங்கும். தேங்குவதைச் சொல்ல ஒரு மிதவை: பல இயந்திரங்களில் வெறும் தெர்மோகோல் துண்டு. தண்ணீர் ஏறினால் அது மேலெழும்பி ஒரு சின்ன சுவிட்சைத் தட்டும். அவ்வளவுதான், தண்ணீர் உள்ளே வரும் வால்வு மூடிக்கொள்ளும், பம்ப் ஓட ஆரம்பிக்கும்.

பம்ப் இறைப்பது மேல்தொட்டியை. தண்ணீர் நிற்பது அடித்தட்டில். பம்புக்கு அங்கே போக வழியில்லை. ஆகவே காலியான இடத்தை இறைத்துக்கொண்டே இருக்கும், யாராவது வந்து பிளக்கைப் பிடுங்கும் வரை.

வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தண்ணீர் தெரியாது, பம்பின் சத்தம் மட்டும் கேட்கும். அதனால்தான் ‘சென்சார் பொய் சொல்கிறது’ என்ற முடிவுக்கு அவ்வளவு சுலபமாக வந்துவிடுகிறோம். தெர்மோகோல் துண்டுக்குப் பொய் சொல்லும் திறமை குறைவு. எப்போதாவது அழுக்கில் சிக்கி மேலேயே நின்றுவிடும். அதையும் விரலால் தட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

*

குழாயை மூடி, கதவுக்குக் கீழே இருக்கும் பலகையைக் கழற்றி, தரையில் கன்னம் வைத்து டார்ச் அடித்தேன். தண்ணீர் இருந்தது, அதிகமில்லை. ஓரங்களில் வெள்ளையாக ஒரு கோடு, காய்ந்த நுரையின் கோடு. எலுமிச்சை வாசனை வேறு. நான் டிஷ்வாஷரில் போடும் பொடிக்கு இந்த வாசனை கிடையாது, நுரையும் வராது. அதில் காரமும் நொதிகளும்தான் வேலை செய்கின்றன. நுரை பொங்கினால் கதவின் விளிம்பு வழியாக வழிந்து அடித்தட்டில் இறங்கிவிடும் என்பதால், வேண்டுமென்றே நுரையில்லாமல் செய்த பொடி அது.

வாசனை எங்கிருந்து வந்தது என்பதை மறுநாள் காலை வேலைக்கு வந்தவர் சொன்னார். “ஒருக்கா சோப்பு போட்டுத் தேச்சுட்டுத்தான்க்கா உள்ள வெக்கறேன். தேய்க்காம அப்படியே எப்படி வெக்கறது?”

அவருக்கு அந்தப் பெட்டியின் மேல் நம்பிக்கையில்லை. மூடிய கதவுக்குள் நடப்பதை அவர் ஏற்கவில்லை. கழுவிய எவர்சில்வர் தட்டில் விரலை அழுத்தி இழுப்பார். கீச்சென்று சத்தம் வந்தால்தான் சுத்தம். அவருடைய சோதனை தட்டையே தொடுகிறது. இயந்திரத்தின் சோதனை தட்டைத் தாண்டிப்போன தண்ணீரைத் தொடுகிறது. இரண்டில் எது மேல் என்று கேட்டால் நான் யோசிக்காமல் விரல் பக்கம் நிற்பேன்.

“உணவை வழித்துப் போட்டால் போதும், சோப்பு மட்டும் வேண்டாம்” என்றேன். சரி என்றார். முகத்தில் சம்மதம் இல்லை.

*

அமெரிக்காவின் இலினாய்ஸ் மாநிலத்தில் ஷெல்பிவில் ஊரைச் சேர்ந்த ஜோசஃபின் காக்ரேன் 1886 டிசம்பரில் பாத்திரம் கழுவும் இயந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். 1893இல் சிகாகோ உலகக் கண்காட்சியில் அவருடைய இயந்திரங்கள் ஓடின. வேலையாட்கள் கழுவும்போது தன் பீங்கான் தட்டுகள் விளிம்பு உடைந்துபோவதைப் பொறுக்காமல் அவர் இதில் இறங்கியதாகச் சொல்வார்கள். கழுவும் கையை நம்பாமல் பிறந்த பெட்டி. இங்கே கழுவும் கை அந்தப் பெட்டியை நம்பவில்லை. எனக்கு இது நியாயமான கணக்காகவே படுகிறது.

*

துணியால் ஒற்றி ஒற்றித் தண்ணீரை எடுத்தேன். மேசை விசிறியை அடித்தட்டுப் பக்கம் திருப்பி இரவு முழுக்க ஓடவிட்டேன். மிதவை தானாக இறங்கியது. அடுத்த சில கழுவலுக்கு அடித்தட்டில் ஒரு பழைய செய்தித்தாளை விரித்துவைத்தேன். நுரையில்லாமல் வெறும் தண்ணீர் ஒழுகினால் தாள் ஓரிடத்தில் நனையும். அதற்கு நேர் மேலே கதவு ரப்பரையோ குழாய் கிளிப்பையோ தேடலாம். தாள் காய்ந்தே இருந்தது.

*

திறந்தது திறந்தாயிற்று என்று மற்றதையும் பார்த்தேன். வெப்பம் சொல்வது தெர்மிஸ்டர். சூடு ஏற ஏற அதன் மின்தடை இறங்கும். பல இயந்திரங்களில் 25 டிகிரியில் 10 கிலோ ஓம், 60 டிகிரியில் சுமார் இரண்டரை. மல்டிமீட்டரின் கம்பிகளை வைத்துவிட்டு அதை உள்ளங்கையில் மூடிக்கொண்டால் எண் மெதுவாக இறங்குவது தெரியும். உடம்புச் சூட்டை ஒரு எண்ணாகப் பார்ப்பதில் ஒரு சின்ன சந்தோஷம் இருக்கிறது. அது இறங்கினால் தெர்மிஸ்டருக்கு உயிர் இருக்கிறது. எண் அசையாமல் நின்றால், அல்லது இணைப்பே இல்லை என்று காட்டினால், அப்போது மாற்றலாம்.

ஹீட்டரில் படிந்த சுண்ணாம்புதான் எங்கள் தெருவின் உண்மையான நோய். போர் தண்ணீர். ஐ.எஸ். 10500 தர நிர்ணயம் குடிநீரின் மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருக்கச் சொல்கிறது. வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் 600 வரை பொறுத்துக்கொள்கிறது. இயந்திரத்தின் கையேடு பேசுவதோ ஜெர்மன் பாகை. ஒரு பாகைக்கு 17.8 மில்லிகிராம் என்று வகுத்தால் 600 என்பது ஏறக்குறைய 34 பாகை. இந்த எண்ணை அமைக்காமல் விட்டால், உப்பு போடும் அறை நிறைந்திருந்தும் தண்ணீர் போதிய அளவு மென்மையாகாது. அந்த அறைக்கு அயோடின் கலந்த தூள் உப்பு ஆகாது, அதற்கென்று விற்கும் கல்லுப்புதான்.

சுண்ணாம்பு அந்த ஒளிக்கண்ணையும் விடுவதில்லை. மெல்லிய வெள்ளைப் படலம் மூடினால், தன் மேல் படிந்ததைத் தண்ணீரின் அழுக்கு என்று எடுத்துக்கொள்ளும். தெளிந்த நீரிலும் கலங்கலைப் பார்க்கும், அலசிக்கொண்டே இருக்கும், கரண்டும் தண்ணீரும் வீணாகும். மளிகைக் கடையில் கிடைக்கும் எலுமிச்சை உப்பைப் போட்டு, பாத்திரமில்லாமல் சூட்டில் ஒருமுறை ஓடவிட்டால் படலம் பெரும்பாலும் போய்விடும்.

*

சென்சார் கெட்டுப்போவதே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அது ‘தண்ணீர்’ என்று சொல்லும்போது முதலில் தண்ணீரைத் தேடிப் பார்ப்பதுதான் மரியாதை. போர்டு மாற்ற வேண்டும் என்று யாராவது வந்து நின்றால், கீழ்ப்பலகையைக் கழற்றி டார்ச் அடித்துக் காட்டச் சொல்லுங்கள். காட்ட மறுத்தால், வந்து போன செலவை மட்டும் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.