ஈபிள் கோபுரம் ஏறாதவர்

பாரிசுக்குப் போய் வந்த ரொறன்ரோத் தமிழர் சொல்லும் கதைகளில் ஒன்று தவறாமல் வரும். "அத்தான் முப்பது வருசமா அங்கதான் இருக்கிறார். இன்னும் ஈபிள் டவரில ஏறேல்லை." சொன்னவர் சிரிப்பார், கேட்டவர்களும் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்புக்குள் ஒரு தீர்ப்பு இருக்கிறது. அத்தான் அந்த நகரத்தில் இருந்தாரே தவிர அதைப் பார்க்கவில்லை. நாங்கள் நாலு நாளில் பார்த்துவிட்டோம். இந்தத் தீர்ப்பு நியாயமானதா?

முதலில் உள்ளூர்ச் சங்கதி ஒன்று. றிச்மண்ட் ஹில்லில் பேவியூ வீதி வழியாகக் கோயிலுக்குப் போகிறவர்கள், மரங்களுக்கு மேலே தெரியும் வெள்ளைக் குவிமாடத்தைக் கண்டிருப்பார்கள். அது டேவிட் டன்லப் வானியல் ஆய்வகம். 1935இல் திறக்கப்பட்டபோது அதன் தொலைநோக்கி உலகில் இரண்டாவது பெரியது. 1970களின் தொடக்கத்தில், சிக்னஸ் எக்ஸ்-1 ஒரு கருந்துளையாக இருக்கலாம் என்பதற்கான வலுவான சான்று கிடைத்ததும் இங்கேதான். விநாயகருக்கும் முருகனுக்கும் அரிச்சனை செய்ய வாராவாரம் அந்த வீதியால் போகும் எங்களில் எத்தனை பேர் உள்ளே போயிருக்கிறோம்? ஓரிடத்தில் வாழ்கிறவர், அது எங்கே ஓடிவிடப் போகிறது என்று இருந்துவிடுவார். இது உலக வழக்கம். இதற்காக அத்தானைச் சிரிப்பதென்றால் எங்களையும் சேர்த்துத்தான் சிரிக்கவேண்டும்.

ஆனால் இது பாதி விடைதான். அத்தான் வெறுமனே தள்ளிப்போட்டவர் அல்லர். எண்பதுகளில் எங்கள் பெடியள் ஐரோப்பாவுக்குள் நுழைந்த வழிகளில் ஒன்று கிழக்கு பெர்லின். விமானத்தில் அங்கே இறங்கி, நகர ரயிலில் ஏறி மேற்கு பெர்லினுக்குள் போனார்கள். 1985இல் கிழக்கு ஜெர்மனி அந்த வழியை அடைத்தது. பிறகு ஏஜென்சிக்காரன் காட்டியதுதான் பாதை. கனடாவுக்கென்று காசு கட்டிப் பாரிசோடு நின்றுபோனவர்கள் உண்டு. எங்கேயாவது விட்டால் போதும் என்று புறப்பட்டு ரொறன்ரோவில் இறங்கியவர்களும் உண்டு. அத்தான் அங்கேயும் நாங்கள் இங்கேயும் இருப்பது பெரும்பாலும் இப்படி நேர்ந்ததுதான். அதில் எங்கள் கெட்டித்தனம் எவ்வளவு என்று கணக்குப் பார்த்தால் அதிகம் தேறாது.

பத்திரம் இல்லாத காலத்தில் ஒருவர் நகரத்தை வேறுவிதமாகப் படிக்கிறார். எந்த மெற்றோ வாசலில் பொலிஸ் நிற்கும், எந்த உணவகத்தின் பின்கதவைத் தட்டினால் கோப்பை கழுவும் வேலை கிடைக்கும், கடைசி ரயிலை விட்டால் எங்கே இருந்து விடியவைக்கலாம் என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்திருக்கும். இதுவும் நகர அறிவுதான். பயணிகளுக்கான கையேட்டில் இது இல்லை, அவ்வளவே.

இம்மானுவேல் காண்ட் பிறந்த ஊரான கோனிஸ்பேர்க்கின் சுற்றுவட்டாரத்தைத் தாண்டிப் போனவர் அல்லர். லண்டனையோ பாரிசையோ கண்டதில்லை. (அவரையும் எங்கள் ஆட்கள் சிரித்திருப்பார்கள்.) ஆனால் அந்நியர் ஒருவருக்கு இன்னொரு நாட்டில் என்ன உரிமை உண்டு என்று, 1795இல் 'நிரந்தர சமாதானம்' பற்றிய நூலில் அவரே தெளிவாக எழுதினார். பூமி உருண்டை, மனிதர் முடிவில்லாமல் விலகிப்போக முடியாது, ஆகவே எவரும் எங்கும் போய்ப் பார்க்கலாம். இது தயவு அல்ல, உரிமை. ஆனால் தங்கியிருக்கும் உரிமை வேறு. அதற்குத் தனி உடன்பாடு வேண்டும். வந்தவரைத் திருப்பி அனுப்பலாம், ஆனால் அதனால் அவர் அழிந்துபோவார் என்றால் கூடாது. 1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையின் மையமும் இந்தக் கடைசி விதிக்கு வெகு கிட்டத்தில்தான் இருக்கிறது.

இன்று இந்த உரிமைகள் எப்படிப் பங்கிடப்பட்டிருக்கின்றன? கனடியக் கடவுச்சீட்டோடு போகும் எனக்கு விசா தேவையில்லை. 180 நாட்களுக்குள் 90 நாள் சுற்றலாம். யாழ்ப்பாணத்திலிருந்து அத்தானுடைய அம்மா வருவதென்றால் விசா வேண்டும். அதற்கு அத்தான் தன் வட்டார நகரசபைக்குப் போய், வீட்டில் இடம் இருக்கிறது, வருமானம் இருக்கிறது என்று காட்டிச் சான்றுக் கடிதம் எடுக்கவேண்டும். தாய்க்கு ஒரு படுக்கை கொடுப்பதற்கும் முத்திரை. ஒரே குடும்பம், ஒரே கோபுரம். ஏறிப் பார்ப்பதற்கு ஒருவருக்கு நேரம் மட்டும் போதும், மற்றவருக்குக் கோப்பு வேண்டும்.

இதற்காக லூவ்ருக்குள் குற்றவுணர்வோடு நடக்கவேண்டும் என்று நான் சொல்லவரவில்லை. அப்படி நடப்பதால் அத்தானுக்கு ஒரு சதமும் மிச்சமாகாது. போகிறவர் நன்றாகப் பார்க்கட்டும். என் சந்தேகம் வேறு இடத்தில். திருக்குறளில் விருந்தோம்பலுக்கு ஓர் அதிகாரம் உண்டு. அது விருந்து வைப்பவருக்குச் சொன்னது. விருந்தாளியாகப் போகிறவர் எப்படி நடக்கவேண்டும் என்பதற்கு அதிகாரம் இல்லை. நாங்களும் அந்த வெற்றிடத்தைச் சௌகரியமாக எடுத்துக்கொண்டோம். ஓகஸ்டில் இரண்டு அறை வீட்டில் போய் இறங்குகிறோம். கட்டில் எங்களுக்கு, ஹோலில் பாய் அவர்களுக்கு. அத்தான் சம்பளமில்லாத லீவு போட்டுக் கோபுரத்தடிக்குக் கூட்டிப்போகிறார். டிக்கட் விலையைப் பார்த்து, தான் கீழே நிற்பதாகச் சொல்கிறார். மேலே போய்ப் படம் எடுத்து வந்தவர்கள், அவர் ஏறாததை ரொறன்ரோவில் பகிடியாக்குகிறார்கள்.

இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு இதில் வேறு வழக்கு. லாச்சப்பலுக்குப் போவோம் என்றால், "ஸ்காபரோவைப் பார்க்கவா இவ்வளவு தூரம் வந்தனாங்கள்?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. சேலைக்கும் கத்தரிக்காய்க்கும் பாரிஸ் போகத் தேவையில்லை. ஆனால் ஓகஸ்ட் கடைசியில் மாணிக்க விநாயகர் தேர் வரும் நாளில் அந்தத் தெருவில் நின்றால், பார்க்கிறவர் யார், பார்க்கப்படுகிறவர் யார் என்பது குழம்பிவிடும். 1985இல் தொடங்கிய கோயில் அது. பிரெஞ்சுக்காரர் கமராவோடு ஓரத்தில் நிற்கிறார்கள். சிதறுதேங்காய் நடுத்தெருவில் உடைகிறது. தேர்வடத்தில் அத்தான் நிற்கிறார். போகும் வழியை ஆருக்கும் காட்டத் தேவையில்லாத ஆளாக, அந்த ஊர்க்காரராக.

அத்தான் இங்கே வந்தால் நாங்களும் சும்மா இருப்பதில்லை, நயாகராவுக்கு ஏற்றிக்கொண்டு போகிறோம். வருகிற எல்லோருக்கும் காட்டி எங்களுக்கே அலுத்த நீர்வீழ்ச்சி. அவர் மரியாதைக்கு நின்று பார்க்கிறார். திரும்பி வரும்போது காருக்குள் கேட்கிறார்: "நீங்கள் வந்த முதல் விண்டருக்கு எங்க இருந்தனீங்கள்?" அதுவரை அப்படி ஒருவரும் கேட்டிருக்கமாட்டார்கள். பிறகு நெடுஞ்சாலையை விட்டு இறங்கி, வெலஸ்லி-பார்லிமென்ட் பக்கத்து உயர்ந்த கட்டிடங்களுக்கு முன்னால் காரை நிறுத்தி, எட்டாம் மாடியில் எந்த யன்னல் என்று எண்ணிப் பார்க்கவேண்டியிருக்கிறது. பின்சீட்டில் இருக்கும் பிள்ளைகளும் அதை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்க்கிறார்கள்.