புழு எங்கிருந்து பிறக்கிறது?

மார்க்கக் கல்வி கற்பவருக்கு விஞ்ஞானக் கருத்துக்களின் வரலாறு எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. இன்று சரியென்று தெரிந்திருப்பதைப் படித்தால் போதாதா? முன்னோர் தவறாக நினைத்திருந்ததை ஏன் தோண்டிப் பார்க்க வேண்டும்? கேள்வி நியாயமானதுதான். ஆனால் அந்த வரலாற்றை அறியாததால் நம் சமுதாயத்தில் இரண்டு விதமான தவறுகள் நடந்து வருகின்றன. கல்லூரியில் உயிரியல் படித்த இளைஞர் ஒருவர் பிக்ஹு நூலின் தமிழாக்கத்தைப் புரட்டுகிறார். உணவிலிருந்து புழு பிறப்பதாக அதில் வாசிக்கிறார். உடனே நூல் முழுவதையும் மூடி வைத்து விடுகிறார். கிதாபு ஓதிய மற்றொருவரோ, கிதாபில் உள்ள ஒவ்வொரு சொல்லும் மார்க்கமே, விஞ்ஞானம்தான் பொய் என்று வாதாடுகிறார். முன்னவர் மார்க்கத்தை இழக்கிறார். பின்னவர் மார்க்கம் சொல்லாததை மார்க்கத்தின் பேரால் சொல்கிறார். இரண்டும் சிறிய தவறுகள் அல்ல.

இந்த ஒரு மஸ்அலாவையே எடுத்துக் கொண்டு நாம் சிந்திப்போம்.

கிதாபில் உள்ளது என்ன?

இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் ஹிஜ்ரி 676இல், அதாவது கி.பி. 1277இல் மறைந்தவர்கள். அவர்களின் 'மின்ஹாஜ்' ஷாஃபிஈ மத்ஹபின் அடிப்படை நூல்களுள் ஒன்று. அதில் வேட்டையும் அறுப்பும் பற்றிய பகுதியில், காடி, பழம் போன்ற உணவிலிருந்து பிறந்த புழுவை அந்த உணவோடு சேர்த்து உண்டால் கூடும் என்பதே சரியான சொல் என்ற கருத்து இடம் பெறுகிறது. ஹன்பலி மத்ஹபிலோ வேறொரு மஸ்அலா உண்டு. ஓடும் இரத்தம் இல்லாத பூச்சி சுத்தமான பொருளிலிருந்து பிறந்ததாயின் அதுவும் சுத்தம். அசுத்தத்திலிருந்து பிறந்ததாயின் அதுவும் அசுத்தம் என்பார்கள். மலக்குழியில் தோன்றும் கரப்பான் பூச்சியை இதற்கு உதாரணம் காட்டுவார்கள்.

இந்த இரண்டு இடத்திலும் 'பிறந்தது' என்ற சொல் வருகிறது. பழமே புழுவைப் பெற்றது, அசுத்தமே பூச்சியைப் பெற்றது என்பது அக்கால உலகம் முழுவதும் ஏற்றிருந்த கருத்து. அரபியில் அதைத் 'தவல்லுத்' என்றார்கள்.

அவர்கள் ஏன் அப்படி நினைத்தார்கள்?

இதைக் கேட்டுச் சிரிப்பவர் ஒரு மாம்பழத்தை நறுக்கிப் பார்க்கட்டும். தோலில் ஒரு துளையும் இருக்காது. சதையும் பழுதில்லாமல் இருக்கும். கொட்டைக்குள்ளிருந்து வண்டு ஊர்ந்து வரும். தாய் வண்டு பிஞ்சின் தோலில் முட்டையிட்டு, அதிலிருந்து வெளிவந்த சிறு புழு கொட்டைக்குள் குடைந்து போய், காய் பெருக்கும்போது வழி தூர்ந்து போனது நமக்கு இன்று தெரியும். தெரியாதவர் என்ன முடிவுக்கு வருவார்? நம் தமிழையே பாருங்கள். 'கருவாடு புழுத்துப் போயிற்று' என்கிறோம். புழுக்க வைத்த ஈயைப் பற்றி அந்தச் சொல்லில் ஒன்றுமே இல்லை. கருவாடே புழுவாகி விட்டது போலத்தான் நாம் இன்றும் பேசுகிறோம்.

யவன அறிஞர் அரிஸ்டாட்டில், சில உயிர்கள் சேற்றிலிருந்தும் அழுகலிலிருந்தும் தாமாகவே தோன்றுவதாக எழுதினார். அவருடைய நூல்கள் அரபியில் வந்தன. பஸ்ராவில் ஹிஜ்ரி 255இல் மறைந்த ஜாஹிழ் தமது 'கிதாபுல் ஹயவான்' என்ற பெருநூலில் அரிஸ்டாட்டிலின் சொற்களை எடுத்தாண்டார். தாம் கண்டதற்கு மாறாக இருந்த இடங்களில் துணிந்து மறுக்கவும் செய்தார். அந்தலூஸின் மருத்துவர் இப்னு துஃபைல் (மறைவு ஹிஜ்ரி 581, கி.பி. 1185) 'ஹய் இப்னு யக்ளான்' என்ற கதையை எழுதினார். ஆளில்லாத் தீவில் தனியே வளர்ந்த அந்தப் பிள்ளை எப்படி வந்தது என்பதற்கு அவர் இரண்டு விதமாகச் சொல்கிறார். ஒன்று, பெட்டியில் வைத்துக் கடலில் விடப்பட்டு அலையில் ஒதுங்கியது. மற்றொன்று, தீவின் களிமண் பக்குவப்பட்டு அதிலிருந்தே உருவானது. மனிதனும் இவ்வாறு மண்ணிலிருந்து தோன்றக் கூடும் என்று இப்னு சீனா கருதியிருந்தார். இப்னு ருஷ்து அதை மறுத்தார். ஆகவே அக்காலத்திலும் இது விவாதத்திற்குரிய உலக விஷயமாகவே இருந்தது. அகீதாவின் ஒரு பகுதியாக இருக்கவில்லை.

கருத்து எவ்வாறு வீழ்ந்தது?

இத்தாலியின் ஃபிளாரன்ஸ் நகர அரண்மனை மருத்துவர் ஃபிரான்செஸ்கோ ரெடி 1668இல் தம் சோதனையை வெளியிட்டார். பாம்பு, ஆற்று மீன், விலாங்கு, கன்றிறைச்சி ஆகியவற்றை நான்கு குடுவைகளில் இட்டு வாயை மூடினார். அதே பொருள்களை வேறு நான்கு குடுவைகளில் இட்டுத் திறந்து வைத்தார். திறந்தவற்றில் புழு வந்தது. மூடியவற்றில் வரவில்லை. காற்று இல்லாததால் வரவில்லை என்று யாரும் சொல்லக் கூடாதென்று, பிறகு மெல்லிய சல்லாத் துணியால் வாயைக் கட்டினார். காற்று உள்ளே போயிற்று, ஈ போகவில்லை, இறைச்சியில் புழுவும் வரவில்லை. இவ்வளவு செய்த ரெடியே, மரங்களில் காணும் கழலைகளுக்குள் இருக்கும் புழுவை அந்த மரமே உண்டாக்குகிறது என்று நம்பினார்! ஒரு கதவைத் திறந்தவர் அடுத்த கதவருகே நின்று விட்டார்.

பின்னர் உருப்பெருக்கியின் உதவியால் நுண்ணுயிர்கள் தென்பட்டன. விவாதம் அங்கே போயிற்று. 1740களில் நீதம் என்பவர் இறைச்சிச் சாற்றைக் காய்ச்சி மூடி வைத்தார். அதில் நுண்ணுயிர்கள் தோன்றின. 1765இல் ஸ்பலன்சானி இன்னும் நீண்ட நேரம் காய்ச்சினார். அவை தோன்றவில்லை. இந்த இருவருமே கத்தோலிக்கப் பாதிரிமார் என்பதைக் கவனத்தில் கொள்ளுங்கள். அடுத்த நூற்றாண்டில் பிரான்சில் பூஷே ஒரு பக்கமும் பாஸ்டர் மறு பக்கமும் நின்றார்கள். பாஸ்டர் அன்னத்தின் கழுத்தைப் போல் வளைந்த குழாயுள்ள குடுவையில் சாற்றைக் காய்ச்சினார். காற்று தடையின்றி உள்ளே போயிற்று. தூசி வளைவிலேயே தங்கி விட்டது. சாறு கெடவில்லை. குடுவையைச் சாய்த்து அந்தத் தூசியில் சாறு படும்படி செய்தால் கெட்டது. 1864இல் பாரிஸின் சோர்போனில் இதை அவர் பொதுமக்கள் முன் விளக்கினார்.

பூஷே பொய் சொன்னாரா? இல்லை. அவர் பயன்படுத்தியது வைக்கோல் ஊறிய நீர். கொதிக்க வைத்தாலும் சாகாத வித்துக்கள் அதில் இருப்பதை 1870களில் கோன், டிண்டல் ஆகிய ஆய்வாளர்கள் வெளிப்படுத்தினார்கள். பூஷே கண்டது உண்மை. அதற்கு அவர் கொடுத்த விளக்கம்தான் நிலைக்கவில்லை.

மஸ்அலா என்ன ஆயிற்று?

இப்போது 'மின்ஹாஜ்' நூலுக்குத் திரும்புவோம். புழு பழத்திலிருந்து பிறக்கவில்லை என்று ஆகி விட்டது. ஆகவே அந்தச் சட்டம் போய் விட்டதா? உரையாசிரியர்கள் அதற்குக் கூறிய காரணத்தைப் பாருங்கள். உணவிலிருந்து புழுவைப் பிரித்தெடுப்பது சிரமம் என்பதே அவர்கள் முன்வைத்தது. ஆகையால்தான் தனியே எடுத்த புழுவை உண்ணக் கூடாது என்றார்கள். பழமே பெற்றதாயினும் ஈ இட்ட முட்டையிலிருந்து வந்ததாயினும் சிரமம் ஒன்றுதான். காரணம் நிலைத்திருக்கிறது, ஆகவே சட்டமும் நிலைத்திருக்கிறது. 'பிறந்த' என்ற சொல் புழுவை அடையாளம் காட்ட வந்த வருணனை மட்டுமே.

ஹன்பலி மஸ்அலாவின் நிலை சற்று வேறு. அங்கே பிறப்பிடமே சட்டத்தின் அளவுகோலாக நிற்கிறது. கரப்பானின் தாயும் கரப்பானே என்று தெரிந்த பிறகு, 'அசுத்தத்திலிருந்து பிறந்தது' என்பதை 'அசுத்தத்தில் வளர்ந்து அதையே தின்றது' என்று கொள்வதா, அல்லது வேறு விதமாகக் கொள்வதா என்பதை அந்த மத்ஹபின் முஃப்திகள் ஆராய வேண்டும். ஒரே கருத்தின் மீது எழுந்த இரு சட்டங்களில் ஒன்று அசையாமல் நிற்கிறது, மற்றொன்று மறு ஆய்வை வேண்டுகிறது. எது எது என்று பிரித்துக் காட்டுவது எது? சட்டத்தின் காரணத்தைப் பற்றிய அறிவும், கருத்தின் வரலாற்றைப் பற்றிய அறிவும் சேர்ந்தே அதைக் காட்டுகின்றன. ஒன்றை மட்டும் கற்றவருக்கு இது விளங்காது.

ஈமானுக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

பிரான்சில் பாஸ்டரின் வெற்றியைப் பக்திமான்கள் பலர் கொண்டாடினார்கள். உயிர் தானாகத் தோன்றாது என்றால் படைத்தவன் ஒருவன் வேண்டும் அல்லவா என்றார்கள். எழுநூறு ஆண்டுகளுக்கு முன் இப்னு துஃபைலோ களிமண்ணிலிருந்து குழந்தை தோன்றியதாக எழுதி, அந்தக் குழந்தை வளர்ந்து இறைவனை அறிந்ததாகவே கதையை நடத்தினார். ஒரு காலத்தில் ஈமானுக்கு இடைஞ்சல் செய்யாத கருத்து, மற்றொரு காலத்தில் நாத்திகமாகத் தோன்றியது. இதிலிருந்து நாம் அறிய வேண்டியது, ஈமான் இந்த இரண்டு கருத்தின் மீதும் நிற்கவில்லை என்பதாகும். அழுகலிலிருந்து புழு வந்தாலும் முட்டையிலிருந்து வந்தாலும் படைப்பவன் அல்லாஹ்வே. ஆதம் (அலை) அவர்கள் மண்ணால் படைக்கப்பட்டார்கள் என்ற செய்தியைப் பாஸ்டரின் குடுவை மறுக்கவும் இல்லை, நிரூபிக்கவும் இல்லை. நாள்தோறும் நடக்கும் வழக்கத்தைத்தான் குடுவை காட்டும்.

1953இல் சிகாகோவில் மில்லர் என்ற இளம் ஆய்வாளர் சில வாயுக்களின் ஊடே மின்பொறியைச் செலுத்தி, உயிர்ப் பொருள்களில் காணும் அமினோ அமிலங்களைப் பெற்றார். பாஸ்டரின் குடுவையில் ஈமானைத் தொங்க விட்டவர் மில்லரின் குடுவையைக் கண்டு நடுங்க வேண்டியதாயிற்று. அவர் ஏன் அங்கே கொண்டு போய்த் தொங்க விட வேண்டும்? கிரகணத்திற்கு வானியலார் கூறும் காரணத்தை மறுப்பது மார்க்கக் கடமை என்று எண்ணுபவர் மார்க்கத்திற்கே தீங்கு செய்கிறார் என்ற எச்சரிக்கையை இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் 'தஹாஃபுத்' நூலின் முன்னுரையிலேயே செய்திருக்கிறார்கள். மதீனாவின் பேரீச்ச மரங்களுக்கு மகரந்தம் சேர்க்கும் விஷயத்தில், உங்கள் உலகக் காரியத்தை நீங்களே நன்கறிவீர்கள் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் கூறியது ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. இதைவிடத் தெளிவு வேறு வேண்டுமா? ஜாஹிழ் எல்லாவற்றையும் முன்பே கண்டு பிடித்து விட்டார் என்று மேடையில் முழங்குபவர்களுக்கும் இது பொருந்தும். அவருடைய காலத்தில் வைத்துப் பார்த்தால் அவர் பெரியவர். நம் காலத்துக் கருத்துக்களை அவர் தலையில் சுமத்தத் தேவையில்லை.

புதிய அறிவு சுமத்தும் பொறுப்பு

பூச்சி புழுக்கள் தாமாகத் தோன்றுமானால், அவற்றை எவ்வளவு கொன்றாலும் குறையாது. சேறும் அழுகலும் இருக்கும் வரை வந்து கொண்டே இருக்கும். ஒவ்வொரு புழுவுக்கும் தாய் உண்டு, அந்தத் தாய்க்கும் தாய் உண்டு என்று ஆகி விட்டால் நிலைமை வேறு. அந்தச் சங்கிலி ஒருமுறை அறுந்தால் எந்தச் சேறும் அதைத் திருப்பித் தராது. அமெரிக்காவின் ராக்கி மலை வெட்டுக்கிளி 1870களில் வானத்தை மறைக்கும் கூட்டமாக வந்து வயல்களை அழித்தது. 1902க்குப் பிறகு அந்த இனத்தில் ஒன்றையும் யாரும் உயிருடன் பிடிக்கவில்லை. அது முட்டையிட்ட ஆற்றுப் பள்ளத்தாக்குகள் உழப்பட்டது காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அழிக்க வேண்டும் என்று திட்டமிட்டு யாரும் அந்த நிலத்தை உழவில்லை.

ஒரு நபியை எறும்பு கடித்ததற்காக அவர் எறும்புப் புற்றையே எரிக்கச் செய்தபோது, இறைவனைத் துதிக்கும் ஒரு சமுதாயத்தை எரித்து விட்டீரே என்று கண்டிக்கப்பட்டதாக ஹதீஸில் வருகிறது. நாய்களும் சமுதாயங்களில் ஒரு சமுதாயமாக இல்லாதிருந்தால் அவற்றைக் கொல்லும்படி கட்டளையிட்டிருப்பேன் என்ற கருத்தில் மற்றொரு ஹதீஸும் உண்டு. 'உம்மத்' என்ற அந்தச் சொல்லை நாம் எத்தனை முறை ஓதியிருக்கிறோம்! ரெடியின் குடுவையையும் பாஸ்டரின் குடுவையையும் அறிந்த பின் அதை ஓதினால் அதன் கனம் கூடுகிறது. தீங்கு செய்யும் பூச்சியைத் தடுக்க மார்க்கம் அனுமதிக்கிறது. தேவைக்கு மேல் மருந்து தெளித்து, தீங்கு செய்யாதவற்றையும் வேரோடு அழிப்பதற்கு அந்த அனுமதியைக் காரணம் காட்ட முடியாது. தானாக வந்து விடும் என்று சொல்லித் தப்பிக்கும் வழியும் இப்போது அடைபட்டு விட்டது.

மத்ரஸாக்களில் இந்தப் பாடத்தை நடத்தும் ஆசிரியப் பெருமக்கள், 'பிறந்த' என்ற சொல் வரும் இடத்தில் அரை மணி நேரம் நிறுத்தி இந்த வரலாற்றைச் சொல்லிக் கொடுப்பார்களானால், மாணவர்கள் முன்னோரை ஏளனம் செய்யவும் மாட்டார்கள், முன்னோரின் உலக அறிவை மார்க்கமாக்கவும் மாட்டார்கள். பயனுள்ள கல்வியை அல்லாஹ் நமக்கு அதிகப்படுத்துவானாக! அதனால் வரும் பொறுப்பை நிறைவேற்றவும் நமக்கு அருள் புரிவானாக! ஆமீன்.